குலுக்கலால் மட்டும் சோதனை ஆகாது

சமூக அறிவியல் ஆய்வுலகில் ஒரு நம்பிக்கை இன்று ஏறக்குறைய விதியாகவே நிலைபெற்றுவிட்டது. ஒரு திட்டமோ சட்டமோ பயன் தருகிறதா என்று அறிய வேண்டுமானால், அதைப் பெறுவோரையும் பெறாதோரையும் குலுக்கல் முறையில் பிரித்து, சில காலம் கழித்து இரு சாராரின் நிலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே தலைசிறந்த வழி என்பதும், அவ்வாறு கிடைத்த முடிவு மற்ற எல்லா வகை ஆதாரங்களுக்கும் மேலானது என்பதும் அந்த நம்பிக்கையின் சாரம். பாடநூல்கள் சமவாய்ப்பு ஒதுக்கீடு என்று குறிப்பிடும் இந்த முறையை, 2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஜே-பால் ஆய்வகம் வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்குள் பரவலாகக் கொண்டுசென்றது. 2014இல் தமிழ்நாடு அரசும் தன் திட்டங்களை மதிப்பிடுவதற்காக அந்த ஆய்வகத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவருக்கும் பொருளாதார நோபல் பரிசு அளிக்கப்பட்டபோது அந்த நம்பிக்கைக்கு உலக அங்கீகாரமும் சேர்ந்தது.

அந்த நம்பிக்கை இன்று வெறும் முறையியல் விருப்பமாக நிற்கவில்லை. அது ஒரு படிநிலையாகவே இறுகிவிட்டது. உச்சியில் குலுக்கல் சோதனை. அதற்குக் கீழே புள்ளியியல் சரிக்கட்டல்களோடு கூடிய ஒப்பீடுகள். அதற்கும் கீழே கள ஆய்வு, நேர்காணல், நிர்வாக ஆவணம், வரலாறு. நிதி தரும் நிறுவனங்கள் விண்ணப்பங்களை இந்தப் படிநிலையை வைத்தே தரம் பிரிக்கின்றன. ஆய்வு மாணவர் தன் திட்டத்தை முன்வைக்கும்போது எழும் முதல் கேள்வி, சில வேளைகளில் ஒரே கேள்வி, ஒதுக்கீடு சமவாய்ப்பு முறையில் நடந்ததா என்பதுதான். நடந்தது என்றால் வடிவமைப்பு முடிந்துவிட்டதாகவே கொள்ளப்படுகிறது.

இக்கட்டுரை மறுப்பது அந்தப் படிநிலையை. ஒரு சமூகச் சோதனையின் மதிப்பு, எதை எதனோடு ஒப்பிடுவது, யாரைச் சோதனைக்குள் எடுப்பது, யார் கையால் செயல்படுத்துவது, எவ்வளவு காலம் பின்தொடர்வது, எந்த விளைவை அளப்பது, அந்த விளைவு எந்த வழியாக உண்டாகும் என்று எதிர்பார்ப்பது ஆகிய முடிவுகளைப் பொறுத்தது. இவற்றில் ஒன்றைக்கூடக் குலுக்கல் எடுத்துத் தருவதில்லை. இவை அனைத்தையும் ஆய்வாளர் களத்தை அறிந்து, சிந்தித்து, பொறுப்பேற்று எடுத்தாக வேண்டும். அதை அறியும் வழிகள்தான் படிநிலையின் கீழ்ப்படிகளுக்குத் தள்ளப்பட்டுள்ளன.

குலுக்கல் செய்யும் வேலையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. தொழிற்பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்று கணக்கு காட்டும்போது, அது பயிற்சியின் பயனா, முனைப்புள்ளவர்களே பயிற்சியில் சேர்ந்ததன் விளைவா என்று அந்தக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. யார் சேர்வது என்பதைக் குலுக்கலிடம் விட்டுவிட்டால், முனைப்பும் குடும்பப் பின்னணியும் உடல்நலமும், ஆய்வாளருக்குத் தெரியாத இன்னும் பலவும், இரு குழுக்களிலும் சராசரியாக ஒரே அளவில் பரவ வாய்ப்புண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் ஆகிய நகரங்களில் 1939 முதல் 1945 வரை நடந்த சிறார் நலத் திட்டம் இதற்குச் சான்று. 506 சிறுவர்கள் இருவர் இருவராக ஒப்புமை பார்த்து இணைக்கப்பட்டனர். ஒவ்வோர் இணையிலும் ஆலோசகரின் வழிகாட்டுதலும் உதவியும் யாருக்குக் கிடைப்பது என்பதை நாணயச் சுண்டல் தீர்மானித்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிச் சென்று ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அத்திட்டம் தமக்கு நன்மை செய்ததாகவே சொன்னார்கள். ஆனால் மீண்டும் மீண்டும் குற்றம் இழைத்தல், குடிப்பழக்கம், மனநோய், இளவயது மரணம் போன்ற பல அளவுகளில் அவர்கள் நிலை உதவி பெறாதவர்களைவிட மோசமாகவே இருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் அந்தத் திட்டம் இன்றுவரை வெற்றிக் கதையாகவே பேசப்பட்டிருக்கும். நல்லெண்ணமும் பயனாளிகளின் நன்றியும் சான்றாகிவிடாது என்பதைக் குலுக்கல் அங்கே காட்டியது. அதை மறுப்பவர் சமூக ஆய்வுக்கே தீங்கு செய்கிறார்.

ஆனால் குலுக்கல் இவ்வளவைச் செய்தது என்பதிலிருந்து எல்லாவற்றையும் செய்யும் என்ற முடிவுக்குத் தாவியதில்தான் பிழை நேர்ந்தது. அந்தப் பிழை எவ்வளவு விலை கேட்கும் என்பதை மினியாபொலிஸ் நகரத்துச் சோதனை போல் வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை என்பதால், அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியுள்ளது.

மனைவியையோ உடன் வாழும் பெண்ணையோ அடித்தவர் வீட்டுக்குக் காவலர் அழைக்கப்படும்போது என்ன செய்வது என்பது 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடும் சர்ச்சைக்குரிய கேள்வியாக இருந்தது. காவலர்கள் பொதுவாகச் சமாதானம் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். பெண்ணுரிமை அமைப்புகள் கைது வேண்டும் என்றன. லாரன்ஸ் ஷெர்மன், ரிச்சர்ட் பெர்க் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1981-82இல் மினியாபொலிஸ் காவல்துறையின் ஒத்துழைப்போடு இக்கேள்வியைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். சோதனையில் பங்கேற்க முன்வந்த காவலர்களிடம் மூன்று வண்ணங்களில் அச்சிட்ட படிவங்கள் கலந்து கட்டிய ஏடு கொடுக்கப்பட்டது. வீட்டை அடைந்து, நிகழ்வு சோதனைக்கு உரியது என்று உறுதி செய்தபின், ஏட்டின் மேல் படிவத்தின் வண்ணம் எதைக் குறிக்கிறதோ அதைச் செய்ய வேண்டும்: ஒரு வண்ணம் கைது, மற்றொன்று அறிவுரை, இன்னொன்று அடித்தவரை எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியேற்றுவது. 314 நிகழ்வுகள் பகுத்தாராயப்பட்டன. ஆறு மாதங்களுக்குள் மீண்டும் வன்முறையில் ஈடுபட்டதாகக் காவல் பதிவேட்டில் இடம்பெற்றவர்கள், கைதானவர்களில் 10 விழுக்காடு, அறிவுரை பெற்றவர்களில் 19 விழுக்காடு, வெளியேற்றப்பட்டவர்களில் 24 விழுக்காடு.

1984இல் முடிவு வெளியானதும் நாடெங்கும் செய்தியாயிற்று. கைது வன்முறையைத் தடுக்கிறது என்று அறிவியல் நிறுவிவிட்டது என்ற பேச்சு எழுந்தது. பெருநகரக் காவல்துறைகள் தம் நடைமுறையை மாற்றிக்கொண்டன. பல மாநிலங்கள் இத்தகைய நிகழ்வுகளில் கைதைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றின.

இப்போது அந்தச் சோதனையின் வடிவமைப்பை அருகில் சென்று பார்க்க வேண்டும். ஏட்டின் மேல் படிவம் எந்த வண்ணம் என்பது காவலர் கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே இந்த நிகழ்வு சோதனைக்கு உரியதா, அல்லவா என்று முடிவெடுக்கும் வேளையிலேயே, சேர்த்தால் என்ன செய்ய நேரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மொத்த நிகழ்வுகளில் கணிசமான பங்கை விரல் விட்டு எண்ணக்கூடிய சில காவலர்களே பதிவு செய்தார்கள். பின்தொடர்வதற்காகத் தேடப்பட்ட பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மட்டுமே கடைசி நேர்காணல் வரை கிடைத்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. அடிபட்ட பெண் கைது செய்தே தீர வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினால், அந்த நிகழ்வைச் சோதனையிலிருந்து விலக்கலாம் என்பது விதி. அறநெறியின்படி அது சரியான விதிதான். ஆனால் அதன் பொருள், கைதை உறுதியாக வேண்டிய பெண்கள் ஒப்பீட்டுக்குள் வரவேயில்லை என்பது. பின்னர் வந்த கட்டாயக் கைதுச் சட்டமோ அவர்கள், இவர்கள் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோர் மேலும் பாய்ந்தது. யாரைப் பற்றிய முடிவு, யாருக்கான சட்டம் என்ற கேள்வியைக் குலுக்கல் எழுப்பவும் இல்லை, எழுப்பவும் இயலாது.

அடுத்த சில ஆண்டுகளில் ஒமாஹா, ஷார்லட், மில்வாக்கி, கொலராடோ ஸ்பிரிங்ஸ், மயாமியை உள்ளடக்கிய டேட் கவுண்டி ஆகிய இடங்களில் மறுசோதனைகள் நடந்தன. கடைசி இரண்டில் கைது ஓரளவு தடுத்தது. முதல் மூன்றில் தடுக்கவில்லை. மில்வாக்கியில் 1987-88இல் ஷெர்மனே தலைமையேற்று, 1,200 நிகழ்வுகளை எடுத்து, காவலர் நிகழ்வின் தகுதியை உறுதி செய்து அலுவலகத்தைத் தொடர்பு கொண்ட பிறகே ஒதுக்கீடு தெரியும்படி முன்னைய குறையைத் திருத்தி நடத்திய சோதனையில், கைது முதல் சில வாரங்கள் தடுப்பாக இருந்து, பின்னர் வன்முறையைக் கூட்டுவதாக மாறியது. காரணத்தைத் தேடியபோது பிளவு தெரிந்தது. வேலையில் இருந்தவர்களைக் கைது தடுத்தது. வேலையற்றவர்களை அது மேலும் வெறிகொள்ள வைத்தது. இழக்கப் பெயரும் பதவியும் உள்ளவருக்குக் கைது அவமானம். இழக்க ஏதுமற்றவருக்கு அது இன்னொரு சீண்டல். ஷெர்மன் தம் முந்தைய சோதனையின் பேரில் பரவிய கட்டாயக் கைதுச் சட்டங்களை நீக்க வேண்டும் என்று 1992இல் நூல் எழுதினார். அந்த நேர்மை பாராட்டுக்குரியது. ஆனால் சட்டங்கள் அதற்குள் ஊன்றிவிட்டன. மில்வாக்கிச் சோதனையில் இடம்பெற்ற பெண்களை இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துப் பின்தொடர்ந்து ஷெர்மனும் ஹீதர் ஹாரிஸும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, துணைவர் எச்சரிக்கையோடு விடப்பட்ட பெண்களைவிடத் துணைவர் கைதான பெண்களிடையே எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணம் 64 விழுக்காடு கூடுதல் என்றும், கறுப்பினப் பெண்களிடையே அது 98 விழுக்காடு என்றும் காட்டியது. ஆறு மாத அளவீட்டில் வெற்றியாகத் தெரிந்த ஒரு தலையீட்டுக்கு இருபது ஆண்டு அளவீட்டில் இத்தகைய நிழல் இருக்கக்கூடும்.

படிநிலையைக் காப்பவர்கள் இங்கே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: மினியாபொலிஸின் முடிவைத் திருத்தியவையும் குலுக்கல் சோதனைகளே அல்லவா, ஆகவே இது குலுக்கலின் வெற்றிதானே என்பது அந்தப் பதில். கேட்பதற்கு வலுவாகத் தோன்றினாலும் இது நிற்காது. ஆறு நகரங்களிலும் ஒதுக்கீடு குலுக்கலால்தான் நடந்தது. ஆறு நகரங்களிலும் முடிவு ஒன்றல்ல. எல்லா இடத்திலும் மாறாமல் இருந்த ஒன்று, மாறிய முடிவுகளை விளக்க முடியாது. விளக்கியது எது? வேலையும் சமூகப் பிணைப்பும் உள்ளவரே தண்டனைக்கு அஞ்சுவார் என்ற சமூகவியல் கருத்து. அந்தக் கருத்து குலுக்கலில் விழவில்லை. குற்றம் பற்றிய நீண்ட காலக் கள ஆய்வுகளிலிருந்தும் கோட்பாட்டு விவாதங்களிலிருந்தும் வந்தது. அது கையில் இருந்ததால்தான் வேலை உண்டா இல்லையா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றியது. ஐந்து மறுசோதனைகளின் தரவையும் ஒன்றாகச் சேர்த்து 2001இல் வெளிவந்த ஆய்வு, சராசரியில் கைதுக்குச் சிறிதளவு தடுப்பு விளைவு உண்டு என்று கண்டது. அந்தச் சராசரி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வேலையற்றவரின் வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு அந்தச் சராசரியால் என்ன பயன்? நன்மை அடைந்தவர்களையும் தீமை அடைந்தவர்களையும் கூட்டி வகுத்து வரும் எண், அவ்விருவரில் எவருடைய வாழ்க்கையையும் சொல்வதில்லை. குலுக்கல் உறுதியளிப்பது அந்தச் சராசரியை மட்டுமே.

இந்த முறையின் தாயகத்துக்கே சென்று பார்த்தாலும் இன்றைய படிநிலைக்கு ஆதரவு கிடைப்பதில்லை. ரொனால்டு ஃபிஷர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் உர வகைகளையும் பயிர் வகைகளையும் ஒப்பிடுவதற்காக வகுத்து, 1935இல் சோதனை வடிவமைப்பு பற்றிய தம் நூலில் விரிவாக விளக்கிய நெறிகள் மூன்று: ஒதுக்கீட்டைக் குலுக்கலிடம் விடுதல், அதே சோதனையைப் பல பாத்திகளில் திரும்பச் செய்தல், மண்ணின் வளம் மாறும் திசையறிந்து வயலைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் ஒப்பிடுதல். வேளாண் கல்லூரி மாணவர் எவரும் இம்மூன்றையும் சேர்த்தே படிக்கிறார். மூன்றாவது நெறி, வயலைப் பற்றி முன்பே தெரிந்திருப்பதை வடிவமைப்புக்குள் கொண்டுவரச் சொல்கிறது. தெரிந்ததைத் தொகுதியாக்கு, தெரியாததைக் குலுக்கலிடம் விடு என்பதே அந்த மரபு. சமூக அறிவியல் அதில் ஒன்றை மட்டும் எடுத்து முடிசூட்டி, மற்ற இரண்டையும் வாசலில் நிறுத்திவிட்டது.

போதாக்குறைக்கு, கோதுமைக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடும் மறக்கப்பட்டது. எந்தப் பாத்தியில் எந்த உரம் போட்டார்கள் என்று கோதுமைக்குத் தெரியாது. மனிதருக்குத் தெரியும், தெரிந்ததும் அவர் நடத்தை மாறும். தான்சானியாவில் எர்வின் புல்ட்டேயும் உடனாய்வாளர்களும் தட்டைப்பயறு பயிரிடுவோரிடையே நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாக வெளிப்படுத்தியது. வழக்கமான வடிவமைப்பில், சிலருக்கு மேம்பட்ட விதையும் சிலருக்குப் பழைய விதையும் குலுக்கலில் வழங்கப்பட்டு, யாருக்கு எது என்பதும் சொல்லப்பட்டது. மேம்பட்ட விதை பெற்றவர்கள் கூடுதலாக அறுவடை செய்தார்கள். அதே வேளையில் இன்னொரு தொகுதியினருக்குத் தம் கையில் இருப்பது எந்த விதை என்பது சொல்லப்படாமல் வழங்கப்பட்டது; அங்கே இரு விதைகளுக்கும் விளைச்சலில் வேறுபாடு இல்லை. தம்மிடம் சிறந்த விதை இருக்கிறது என்றோ, இருக்கக்கூடும் என்றோ எண்ணியவர்கள் அதற்குக் கூடுதலான, நல்ல நிலத்தை ஒதுக்கினார்கள். குலுக்கல் இரண்டிலும் பழுதின்றி நடந்தது. முதல் வடிவமைப்பு மட்டும் நடந்திருந்தால், உழவரின் எதிர்பார்ப்பும் நிலமும் தந்த விளைச்சல் விதையின் கணக்கில் ஏறியிருக்கும். விதை என்ற எளிய பொருளுக்கே இந்த நிலை என்றால், ஆசிரியருக்கு ஊக்கத்தொகை, பெண்களுக்குக் கடன், தாய்மாருக்கு ஆலோசனை என்ற தலையீடுகளில் எதிர்பார்ப்பையும் விளைவையும் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சோதனைக் களத்தை விட்டு வெளியே வரும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடந்த வகுப்பு அளவுச் சோதனை, கல்வி ஆய்வில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. 79 பள்ளிகளில் 13 முதல் 17 மாணவர் கொண்ட சிறு வகுப்புகளும் 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்புகளும் ஒப்பிடப்பட்டு, சிறு வகுப்புகளின் பயன் தெளிவாகத் தெரிந்தது. 1996இல் கலிபோர்னியா தன் தொடக்க வகுப்புகளை மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் 20 பேருக்குக் குறைக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். தகுதிச் சான்று இல்லாதவர்கள் பணியமர்த்தப்பட்டார்கள். வறிய பகுதிப் பள்ளிகளில் இருந்த அனுபவமுள்ள ஆசிரியர்கள் வசதியான பகுதிகளில் திறந்த புதிய இடங்களுக்குப் போனார்கள். வகுப்பறைக்கு இடமின்றி நூலகங்களும் இசை அறைகளும் வகுப்புகளாயின. எதிர்பார்த்த பயனில் ஒரு பகுதியை இவை விழுங்கின. 79 பள்ளிகளுக்கு ஆசிரியர் தேடுவது ஒரு மாநிலத்தின் ஆசிரியர் சந்தையை அசைக்காது. முழு மாநிலத்துக்கும் தேடுவது அசைக்கும். சிறு சோதனையின் குலுக்கல் எவ்வளவு தூயதாக இருந்தாலும், இந்த அசைவு அதன் கண்ணில் படவே படாது.

யார் செயல்படுத்துகிறார் என்பதும் அப்படியே. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை நியமிப்பது மாணவர் கற்றலை உயர்த்துகிறது என்று முன்னைய சோதனைகள் காட்டியிருந்தன. டெஸ்ஸா போல்டும் உடனாய்வாளர்களும் 2010 அளவில், அதே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஒரு தொண்டு நிறுவனமும் சில பள்ளிகளில் அரசும் செயல்படுத்தும்படி, செயல்படுத்துவோரையே குலுக்கலில் ஒதுக்கினார்கள். தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் பயன் இருந்தது; அரசு நடத்திய பள்ளிகளில் இல்லை. இந்தச் சோதனை உயர்ந்தது. உயர்த்தியது அதன் கேள்வி. முன்னைய சோதனைகள் எல்லாம் ஒப்பந்த ஆசிரியர் என்ற பெயரில் உண்மையில் அளந்தவை ஒப்பந்தத்தோடு ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் கண்காணிப்பையும் சேர்த்தே என்பதை ஒருவர் சந்தேகிக்க வேண்டியிருந்தது. அந்தச் சந்தேகம், ஊதியம் தாமதமாக வருவதையும் தொழிற்சங்கம் எதிர்ப்பதையும் அலுவலகத்துக் கோப்பு நகராமல் கிடப்பதையும் அறிந்தவர்களுக்கே தோன்றும்.

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஒரு வரலாறும் இங்கே கருதத் தக்கது. 1980இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், குழந்தைகளைத் தவறாமல் எடை பார்த்து, வளர்ச்சி குன்றியவர்களுக்கு மட்டும் இணையுணவு அளித்து, தாய்மாருக்கு ஊட்டச்சத்து அறிவுரை வழங்கி, கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டைக் குறைத்ததாகப் பெயர் பெற்றது. அதே அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு 1995இல் வங்காளதேசத்தில் தொடங்கிய திட்டம் அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு காரணங்களை ஆராய்ந்தபோது வெளிவந்தவை எளிய செய்திகள். அங்கே பல வீடுகளில் சந்தைக்குப் போய்ப் பொருள் வாங்குபவர் கணவர். வீட்டில் யாருக்கு எவ்வளவு உணவு என்பதில் மாமியாரின் சொல்லே நடக்கும். அறிவுரை கேட்டவளோ மருமகள். தமிழ்நாட்டுத் திட்டம் குலுக்கல் சோதனையாக நடத்தப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அது மிகத் தூய குலுக்கல் சோதனையாகவே நடந்திருந்தாலும், தமிழ்நாட்டில் தாய்க்குச் சொன்னால் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் கிடைத்திருக்காது. வங்காளதேசத்துச் சமையலறையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைக் கண்டறியும் வழி, படிநிலையின் கடைசிப் படிக்குத் தள்ளப்பட்ட அந்தக் கள ஆய்வுதான்.

ஏற்புடைமையை இரண்டாகப் பிரித்து இந்தச் சிக்கலைக் கடந்துவிடலாம் என்று முறையியல் நூல்கள் கற்பிப்பதுண்டு. சோதனை நடந்த இடத்தில் முடிவு சரியா என்பது அக ஏற்புடைமை. வேறிடத்துக்கும் பொருந்துமா என்பது புற ஏற்புடைமை. முதலில் முன்னதை உறுதி செய், பிறகு பின்னதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பாடம். நடைமுறையில் அந்தப் பிறகு வருவதே இல்லை. மினியாபொலிஸின் முடிவு வெளிவந்த சில ஆண்டுகளில் சட்டமாயிற்று. மறுசோதனைகள் முடியும்வரை எவரும் காத்திருக்கவில்லை. பொருந்துமா என்ற கேள்வியை வடிவமைக்கும் நாளிலேயே எழுப்பாத சோதனைக்கு, அதற்கு விடை தரும் தரவு பின்னர் எங்கிருந்தும் வந்து சேராது. வேலை உண்டா என்ற வினா படிவத்தில் இல்லாதிருந்தால், மில்வாக்கியின் பிளவு இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

எஞ்சியிருப்பது ஒரு நேர்மையான அச்சம். படிநிலையைக் கைவிட்டால், தமக்கு வேண்டிய முடிவை நோக்கி ஆதாரத்தை வளைக்கும் ஆய்வாளருக்கும் அரசுக்கும் கதவு திறந்துவிடாதா என்று பலர் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானது, ஆனால் அந்தக் கதவு குலுக்கலால் மூடப்படவில்லை. உதய்ப்பூர் மாவட்டத்தில் துணைச் சுகாதார நிலையச் செவிலியர்கள் பணிக்கு வருவதை நேரமுத்திரைக் கருவியால் கண்காணித்த சோதனையை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் ரேச்சல் கிளென்னர்ஸ்டரும் 2008இல் வெளியிட்டார்கள். தொடக்க மாதங்களில் வருகை கணிசமாகக் கூடியது. 16 மாதங்கள் ஆனபோது, உள்ளூர்ச் சுகாதார நிர்வாகமே விலக்கு நாட்களைத் தாராளமாக வழங்கியதால், பயன் முற்றாக மறைந்தது. ஆய்வாளர்கள் விடாமல் பின்தொடர்ந்ததால்தான் இது தெரிந்தது. ஆறாம் மாதத்தில் கணக்கை முடித்திருந்தால், அதே குலுக்கல், அதே செவிலியர்கள், அதே கருவியோடு, நேர் எதிரான முடிவு முழுத் தகுதியோடு அச்சேறியிருக்கும். எப்போது முடிப்பது, எதை அளப்பது, எந்தக் குழுவைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது என்ற ஒவ்வொரு முடிவிலும் வளைப்பதற்கு இடம் உண்டு. அந்த இடங்களைக் கண்காணிக்கத் தேவையானது களத்தை அறிந்தவரின் வினா. குலுக்கல் நடந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்பவருக்கு அவை கண்ணில் படுவதில்லை.

நல்ல வடிவமைப்பு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. அலெஹாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்ட்டர்ஸ் ஆகியோர் 640 அங்கன்வாடி மையங்களில், பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென ஒரு பகுதிநேரப் பணியாளரைக் கூடுதலாக அளித்து நடத்திய சோதனையில், கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. குழந்தைகளின் கணக்குத் திறனும் மொழித் திறனும் உயர்ந்தன. வளர்ச்சிக் குறைபாடும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன. இதன் வலிமை 640 என்ற எண்ணிலோ குலுக்கலிலோ முதன்மையாக இல்லை. கூடுதல் பணியாளர்கள் வெளி நிறுவனத்தின் கண்காணிப்பில் இயங்கவில்லை. அரசின் வழக்கமான அமைப்புக்குள்ளேயே பணியாற்றினார்கள். பணியாளர்களின் நேரம் எப்படிச் செலவாகிறது என்பது அளக்கப்பட்டது. அதனால், புதியவர் கற்பித்தலை ஏற்றுக்கொண்டதால் பழையவருக்கு உடல்நலப் பணிகளுக்கும் ஊட்டச்சத்துப் பணிகளுக்கும் நேரம் கிடைத்தது என்ற வழியும் தெரிந்தது. ஒரே பணியாளர் மீது பதிவேடு, எடை, உணவு, பாடம் என்று எல்லாம் சுமத்தப்பட்டிருப்பதை முன்பே அறிந்தவர்கள் எழுப்பிய கேள்வி அது.

அந்த முடிவை மையங்கள் நாள்தோறும் திறக்காத, பணியாளர் ஊதியம் மாதக்கணக்கில் நிலுவையாகும் ஒரு மாநிலத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லலாமா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை சொல்லத் தகுதியுள்ளவர்கள் அங்குள்ள மேற்பார்வையாளர்களும், மையங்களில் உட்கார்ந்து பார்த்த கள ஆய்வாளர்களும். தமிழ்நாட்டின் திட்டத் துறையோ பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோ இனி ஒரு சோதனைத் திட்டத்தைப் பரிசீலிக்கும்போது, ஒதுக்கீட்டு முறையைப் பற்றிய வினாவுக்கு முன்னால், பயன் எந்த வழியாக வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது, அந்த வழியில் எங்கே தடை வரலாம், ஒப்பீட்டுக் குழுவுக்கு இப்போது கிடைத்துக்கொண்டிருப்பது என்ன, சோதனை முடிந்தபின் இதை நடத்தப்போவது யார், யார் சோதனைக்கு வெளியே விடப்பட்டார்கள் என்ற வினாக்களுக்கு எழுத்தில் விடை கேட்க வேண்டும். விடை தர இயலாத திட்டம் எவ்வளவு நேர்த்தியான குலுக்கலோடு வந்தாலும் திருப்பி அனுப்பப்பட வேண்டும். விடைகளோடு வரும் கள ஆய்வுக்கு, குலுக்கல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிதி மறுக்கப்படக் கூடாது.